தங்கத்தில் எழுதிய இரண்டு

திருவள்ளூர் தாலுகா ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கும் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு சகலைகள், ஆளுக்கொரு துப்பாக்கியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“மாமனாரு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி குடுத்தாருன்னு ஊரே சொல்லிக்கினு கீது. உன்னுதுல ஒண்ணுன்னு போட்டுக்குது, என்னுதுல ரெண்டுன்னு போட்டுக்குது,” என்றார் இளையவர்.

“அது சீமையில கம்பெனிக்காரன் போட்டது சகல. துரைங்க ஜோடியாத்தான் வாங்குவாங்க. ஒண்ணுல துரை சுடற நேரத்துல, இன்னொண்ணுல வேலைக்காரன் தோட்டா போட்டு வைப்பான். எது எதுன்னு தெரியத்தான் அந்த நம்பரு.”

“அப்போ ரெண்டு, வேலைக்காரன் கையில கீறது.”

மூத்தவர் துணிக்கு மேலேயே துப்பாக்கியின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

“அடியில வெட்டிக்கிற நம்பரப் பாரு. உன்னுதும் என்னுதும் அடுத்தடுத்த நம்பரு. ஒண்ணா செஞ்சது.”

“அடியில கீறத எவன் குனிஞ்சு பாக்கறான்? குழாய் மேல தங்கத்துல எழுதிக்குதே, அதத்தான் ஊட்டுக்கு வர்றவன் எல்லாம் படிக்கறான்.”

வரிசை இரண்டடி நகர்ந்தது. மூத்தவர் தன் துப்பாக்கியின் துணியை அவிழ்த்து நீட்டினார்.

“இந்தா. கிளார்க்கக் கேட்டு லைசென்ஸ்ல நம்பர மாத்தி எழுதிக்கலாம். ஒண்ண நீயே வச்சிக்க.”

இளையவர் வாங்கினார். அந்தத் தங்க எழுத்தைக் கட்டை விரலால் வெகுநேரம் தடவினார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“வாணாம். நீ வச்சிருந்து குடுத்தா, எனுக்கு அதுவும் ரெண்டாவதுதான்.”