பந்து வராத குழு

அக்கா: சர்வர் சரியாத்தான் ஓடுதா? என் முகத்தைப் பாத்துச் சொல்லு.

தங்கை: ஓடுதுக்கா. இருநூறு பேரு ஒரே நேரத்துல வந்தாலும் தாங்கும். யாரு, எங்கேருந்துன்னு எதையும் சேமிக்கல. யாராவது நடுவுல விலகினாலும், "இது ஒரு சோதனை"ன்னு உண்மையைச் சொல்ற பக்கத்தைக் காட்டிட்டுத்தான் விடும். நீ கேட்டதெல்லாம்...

அக்கா: கேட்டதெல்லாம் இருக்கு. கேட்காதது என்ன இருக்கு?

தங்கை: ...டீ குடிக்கிறியா?

அக்கா: பேச்சை மாத்தாத. திரையில மூணு பேரு பந்து விளையாடறாங்க. அதுல ரெண்டு பேரு வெறும் புரோகிராம். வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பந்து போடும், மீதிப் பேருக்குப் போடாது.

தங்கை: ராட்சசி.

அக்கா: மனோதத்துவம்டி! பந்து வராதவங்க மனசு வாடணும். ஆட்டம் முடிஞ்சு கேட்கிற கேள்வியில அது தெரியணும். இங்க என்னடான்னா ரெண்டு குழுவும் ஒரே மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்கு. நாளைக்குப் பேராசிரியர்கிட்ட காட்டணும். இதோட போனா என் ஆராய்ச்சியே குப்பைக்கு.

தங்கை: செல்போன்ல ஆடியிருப்பாங்க... சின்னத் திரை...

அக்கா: செல்போன்ல திறக்காத மாதிரி செஞ்சது யாரு?

தங்கை: நான். சரி, இணைப்பு மெதுவா...

அக்கா: "நேரத்தை அவங்க கம்ப்யூட்டரே அளக்கும், இணைப்பு எப்படி இருந்தா என்ன"ன்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு?

தங்கை: அதுவும் நான்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

அக்கா: பந்து வராத குழுவுக்குப் பந்து போயிருக்கு. புரோகிராம் போடல. அப்ப யாரோ போட்டிருக்காங்க. யாருடி?

தங்கை: சோதிச்சுப் பாக்க, நானே பந்து போடற மாதிரி ஒரு பொத்தான் வெச்சிருந்தேன். எடுக்க மறந்துட்டேன்.

அக்கா: மறந்துட்டியா?

தங்கை: ...எடுக்கல. யாரோ ஒருத்தர், இப்ப வரும் அப்ப வரும்னு மவுஸை ஆட்டிக்கிட்டே காத்திருக்காங்க. பாவம்க்கா. கை தானா போயிடுச்சு.

அக்கா: அடிப்பாவி! நாள் பூராவா?

தங்கை: எனக்கு வேற வேலை இல்லையா? மத்தியானம் சாப்பிடற நேரம் மட்டும். அப்பத்தான் கூட்டமும் அதிகம். ஒரு கையில ஸ்பூன், ஒரு கையில பந்து.

அக்கா: அப்ப... மத்தியானம் வந்தவங்களை நீக்கிட்டா?

தங்கை: நேத்தே நீக்கிப் பாத்துட்டேன். மீதிப் பேரு வாடி வதங்கிப் போயிருக்காங்க. நீ ஆசைப்பட்ட மாதிரியே.

அக்கா: நிஜமாவா? காட்டு... அப்பாடா! ஆளு போதுமா?

தங்கை: தாராளமா. ஆனா ஏன் நீக்கினன்னு பேராசிரியர் கேட்பாரே?

அக்கா: நடந்ததை நடந்தபடி சொல்லிடுவேன். தங்கச்சிக்கு இளகின மனசு, சர்வரை அவகிட்ட கொடுத்தது என் தப்புன்னு.

தங்கை: திட்டு விழும்.

அக்கா: விழட்டும். நீ அந்தக் கைவேலையை நிறுத்து.

தங்கை: சரி. இன்னொண்ணு... ஒரு ஆளு தினமும் மத்தியானம் வர்றாரு. பேரு தெரியாட்டியும் மவுஸை ஆட்டற விதத்துலயே ஆளு தெரியுது. ஒருத்தருக்கு ஒரு தடவைதான்னு நாம போட்ட தடையை எப்படியோ தாண்டிட்டு. அதுவும் எப்பப் பாத்தாலும் பந்து வராத குழுவுலயே வந்து விழறாரு, என்ன ராசியோ! நான் நிறையப் போட்டது அவருக்குத்தான். இப்பவே தடுத்துடறேன்.

அக்கா: வேண்டாம்.

தங்கை: உன் கணக்கைக் கெடுக்கறாருக்கா!

அக்கா: கணக்குல வர மாட்டாரு. விடு.

தங்கை: ஏன்... உனக்குத் தெரிஞ்சவரா?

அக்கா: லேப்ல எல்லாரும் ஒண்ணா சாப்பிடக் கிளம்பறப்ப என்னை யாரும் கூப்பிடறதில்லடி... அப்ப நான்தான் அந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்து வந்து உக்காந்துக்குவேன். அந்தப் பொத்தான் எனக்குப் பந்து போட மட்டும் இருக்கட்டும்.