உள்ளே பொருத்திய கார்டு

சர்வர் வாங்கும்போது எத்தனை டிஸ்க் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அந்த டிஸ்குகளை நடத்துவது எது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் அலுவலகத் தலைவி வஹீபா கேட்டார். வழக்கறிஞர் அவர்.

தொண்ணூறுகளின் உள்நாட்டுப் போரில் காணாமல் போனவர்களைப் பற்றி அவர்களின் தாய்மார் பேசுவதைப் பதிவு செய்து காப்பது, அல்ஜியர்ஸில் எங்கள் அலுவலகத்தின் வேலை. அறுநூற்றுப் பதினோரு பதிவுகள். பழைய சர்வர் நிரம்பிவிட்டது.

"ரெஜ்கி, இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இதுல டிஸ்கை நடத்துற கன்ட்ரோலர் கார்டு, டிஸ்க் எல்லாம் சர்வருக்குள்ளயே இருக்கும் மேடம். அது தனிப் பெட்டி. சர்வர் செத்தாலும் பெட்டியைக் கழட்டி வேறொண்ணுல மாட்டிக்கலாம்."

"அப்ப பெட்டிதானே நல்லது? என் ரூம்லயே வெச்சுப் பூட்டிக்கிறேன்."

"நல்லதுதான். ஆனா நம்ம அளவுக்கு உள்ள இருக்கிறதே போதும்."

"நீ சொன்னா சரி" என்று கையெழுத்திட்டார். நான் பொய் சொல்லவில்லை. பெட்டி வந்திருந்தால் சாவி அவரிடம் போயிருக்கும், அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு என் அண்ணன் பெல்காசெம் நுரையீரல் நோயில் இறந்தார். சாவதற்கு மூன்று வாரம் முன்னால் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, தனியாகப் பேசிப் பதிவு செய்யும் அறையில் உட்கார்ந்தார். அந்தப் பதிவைச் சர்வரில் ஏற்றும்போது நான் கேட்டேன். புதைக்கப்பட்ட இருபத்து மூன்று பேரின் பெயர்கள். குழி தோண்டிய இயந்திரத்தை ஓட்டியவர் அண்ணன். இடத்தையும் சொல்லியிருந்தார். அவருடைய மூத்த மகளுக்கு அப்போது நிச்சயமாகியிருந்தது. புதிய பதிவுகளை வஹீபா வசந்தத்தில்தான் கேட்க ஆரம்பிப்பார்.

ஒவ்வொரு பதிவுக்கும் எண் உண்டு. ஒன்று மட்டும் தொலைந்தால் தொலைத்தவனைத் தேடுவார்கள். எல்லாம் தொலைந்தால் இயந்திரத்தைத் திட்டுவார்கள். பிரதி எடுத்து வைப்பதும் என் பொறுப்புதான். எடுக்கவில்லை. பதிவுகளைப் புதியதில் ஏற்றியதும் பழைய சர்வரை, வழக்கப்படி, உள்ளே இருந்ததை அழித்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கார்டில் இருந்த அமைப்பை அழித்து, டிஸ்குகள் எல்லாவற்றிலும் பழையது மீளாதபடி முதலிலிருந்து மேலெழுதச் சொன்னேன். ஏழு மணி நேரம் ஆனது. இடையில் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

"கார்டு போயிடுச்சு மேடம்."

வஹீபா தான் கையெழுத்திட்ட தாளைத் தேடி எடுத்தார். பிறகு, "பெட்டி வாங்கியிருந்தா?" என்றார்.

"பொழைச்சிருக்கும்" என்றேன். அதுவும் உண்மைதான்.

தாய்மாரை மறுபடி கூப்பிட்டோம். இருநூற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் இறந்துபோயிருந்தார்கள். தெஹ்பியா அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. அண்ணன் தன் பதிவில் முதலில் சொன்ன பெயர் இந்த அம்மாவின் மகன் லியாஸுடையது.

"முன்ன நான் சொன்னதெல்லாம் போச்சாமே. பரவால்லப்பா, இன்னொருக்கா சொல்றேன். என் புள்ளைய எங்க பொதைச்சாங்கன்னு யாராச்சும் சொல்லியிருந்தாங்களா?"

"இல்லம்மா" என்றேன். தண்ணீர் கொடுத்தேன். மைக்கை அவர் வாய்க்கு நேராக வைத்தேன்.

அந்தக் கார்டு பழுதாகவில்லை என்று, விசாரிக்க வந்த நீங்கள் கூட்டிவந்த நிபுணர் கண்டுபிடித்துவிட்டார். சரி, நான்தான் செய்தேன். புதைத்த இடத்தை மட்டும் கேட்காதீர்கள். அது அண்ணனுடைய விஷயம், சொல்ல எனக்கு உரிமையில்லை. வெள்ளிக்கிழமைகளில் கூஸ்கூஸ் சாப்பிட்டதும் பஸ் பிடித்து அங்கே போவேன். ஆரஞ்சு மரங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். பாவம், அவர்களைப் பார்க்க வேறு யார் வருகிறார்கள்?