மூன்றாம் ஆண்டின் சரிவு

எனக்குச் சட்டை கசங்கினால் பிடிக்காது, சார். அதனால்தான் மேலாண்மைப் படிப்பு முடிந்ததும் அக்கா வீட்டோடு தங்கி, அத்தானின் சலவைக் கடையில் உட்கார்ந்தேன்.

அந்தக் கடை ஓடிய விதத்தைப் பார்த்தால் படித்தவன் எவனும் தலையில் அடித்துக்கொள்வான். ரசீது கிடையாது. துணி வந்ததும் ஓரத்தில் ஒரு நூல் முடிச்சு. டாக்டருக்குச் சிவப்பு, தையல்காரருக்குப் பச்சை. "தொலைநோக்கு என்ன அத்தான்?" என்று கேட்டால், "சாயங்காலத்துக்குள்ள காயணும் மாப்ளே" என்பார்.

கடைக்கு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று போட்டேன். இலக்கு, போட்டி, ஆபத்து எல்லாம் அதில் உண்டு. அதன்படி நடக்காவிட்டால் மூன்றாம் ஆண்டில் வியாபாரம் சரியும் என்று கோடு கிழித்தே காட்டினேன்.

"நல்ல கெட்டிப் பேப்பர்" என்றார் அத்தான். மறுநாள் அதை நறுக்கி, மடித்த சட்டைகளுக்குள் விறைப்புக்கு வைத்து அனுப்பிவிட்டார். நான் கோபப்படவில்லை. இன்னொரு பிரதி எடுத்து மேசைக்குள் வைத்தேன்.

மூன்றாம் ஆண்டு வந்தது. சரிவு வரவில்லை, புது இயந்திரம்தான் வந்தது. அக்கா வேறு, "உன் கோடு கீழ போகுது, உங்க அத்தான் மேல போறாரு. பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிட்டியாடா தம்பி?" என்றாள்.

திட்டம் பொய்த்தால் நாளைக்கு எந்தச் சிறு வியாபாரி திட்டம் போடுவான்? பொதுநலம் கருதி, ஒரு மதியம் நூல்களை மாற்றிக் கட்டினேன். டாக்டரின் கால்சட்டை கறிக்கடைக்குப் போனது. தையல்காரர் வீட்டுக்கு யாருடையதோ ஒரு பூப்போட்ட பாவாடை போக, மனிதர் அன்று வாசலில் படுத்தார். அத்தான் வீடு வீடாக ஏறி மன்னிப்புக் கேட்டார். கறிக்கடைக்காரர், "எனக்கு இது கச்சிதமா இருக்கு. டாக்டரை வேற தைச்சுக்கச் சொல்லுய்யா" என்று சிரித்தார். அதற்கப்புறம் கூட்டம் கூடிப்போயிற்று. துணியோடு கதையும் கிடைக்கிறதே.

ஆகவே மிச்சமிருந்தது ஆபத்துப் பகுதி மட்டும். அதில் 'தீ' என்று எழுதியிருந்தேன்.

நேற்று கடை விடுமுறை. அக்காவும் அத்தானும் வெளியூரில் இருந்தார்கள். உயிர்ச்சேதம் என் திட்டத்தில் இல்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணி மூட்டைமேல் கவிழ்த்து வைத்து சுவிட்சைப் போட்டேன். அவ்வளவுதான். நீங்கள் தொளதொளத்த கால்சட்டையில் விசாரிக்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன். உங்கள் சீருடை அடிமூட்டையில் இருந்தது. ஆனால் நீங்கள் 'மின்கசிவு' என்று எழுதப் போனீர்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியாமல் நானே வந்தேன். அது தற்செயல் இல்லை சார். திட்டமிடல்.

அத்தான் சாம்பல் மேட்டில் உட்கார்ந்திருக்கிறார். "இனி எதை வெச்சுடா பொழைக்கிறது?" என்று அக்கா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அதற்காக உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று என்னைச் சொல்லிவிடாதீர்கள். சுவிட்சைப் போடுமுன் மேசையைத் திறந்து, திட்டத்தைப் பத்திரமாக வெளியே எடுத்து வைத்தேன். குடும்பத்துக்கென்று ஏதாவது மிஞ்ச வேண்டாமா?