தவறவிடக் கூடாத படம்

மலாக்கா, காஜா பேராங் தமிழ் வாசகர் மன்றத்தின் மாண்பமை உறுப்பினர்கள் பதினேழு பேருக்கும், உறுப்பினராகாமலே மின்விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகும் எஞ்சிய பெருமக்களுக்கும், மன்றச் செயலாளரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான மாணிக்கவாசகம் மிகுந்த பணிவோடும் தேவையான அளவு கர்வத்தோடும் அறிவித்துக்கொள்வது யாதெனில்: சனிக்கிழமைதோறும் இந்தப் பலகையில் ஒட்டப்பட்டு வந்த 'படிக்க வேண்டிய நாவல், பார்க்க வேண்டிய படம்' என்னும் பரிந்துரை இந்த வாரத்தோடு நிற்கிறது. உலகம் இதைத் தாங்கிக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

நம் தலைவர் கலியாணசுந்தரம் அவர்கள் வருத்தப்படுவார். சென்ற ஆகஸ்டில் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபோது, அது தமக்கே தபாலில் வந்தது போல மன்றத்தில் இரண்டே கால் மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சில் என்னை 'மலாக்காவின் இலக்கியக் கலங்கரை விளக்கம்' என்றார். கலங்கரை விளக்கம் எதையும் படிப்பதில்லை. நின்ற இடத்தில் நின்று சுற்றிக்கொண்டிருக்கும். தலைவர் வாழ்க்கையில் ஒரு முறை, தெரியாமல், சரியாகச் சொல்லிவிட்டார்.

பத்து ஆண்டுகளில் இருநூறுக்கு மேல் நாவல்களை உங்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. எண்பது பக்கம் வரை போவேன். அதற்கு மேல் கதாசிரியர்கள் யாரையாவது சாகடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சண்டைக்காலம் முடிந்ததிலிருந்து எனக்கு அதை அச்சில் பார்க்கப் பிடிப்பதில்லை. மூடிவிடுவேன்.

படமான நாவல் என்றால் இன்னும் வசதி. படம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பாட்டுப் புத்தகம் வந்துவிடும். அதில் கதைச் சுருக்கம் இருக்கும். முக்கியமான கட்டத்தில் அது நின்றுவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் கண்டு களிக்கச் சொல்லும். நானும் அதே இடத்தில் நின்று, 'முடிவைச் சொல்லி உங்கள் இன்பத்தைக் கெடுக்க மாட்டேன்' என்று எழுதுவேன். அதை நீங்கள் என் பண்பு என்று எடுத்துக்கொண்டீர்கள்.

இது சின்னக் குற்றம். இதற்காகப் பலகையைக் காலி செய்ய வேண்டியதில்லை.

மன்றத்திலிருந்து நாலு வீடு தள்ளி, எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்ட சிட்டிகளின் குடியிருப்பு தொடங்குகிறது. கோயில், விபூதி, மாவிலைத் தோரணம் எல்லாவற்றிலும் அவர்கள் நம்மைவிட ஒழுங்கு. பேச்சு மட்டும் மலாய், பத்துச் சொல்லுக்கு ஒன்று தமிழ். அங்கே இருக்கும் சாரதாம்பாளுக்குத் தமிழ் காதில் கொஞ்சம் புரியும், எழுத்து அறவே தெரியாது. ஆனால் கதைப் பைத்தியம். சனிக்கிழமை நாலு மணிக்கு, இலையில் மடித்த தேங்காய்ப்பால் பலகாரத்தோடு வந்து அந்த ஓரத்துப் பெஞ்சில் உட்காருவாள். அந்த வாரத்து நாவலை நான் மலாயில் சொல்வேன். எண்பதாம் பக்கத்துக்கு மேல் என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். மீதியை நானே இட்டுக்கட்டுவேன். என் கதைகளில் யாரும் சாக மாட்டார்கள். காணாமல் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.

அவளுக்கு அப்படிப்பட்ட கதைகள்தாம் பிடிக்கும். அவளுடைய கணவர் பொன்னுதுரை, நகராண்மையில் தெருவிளக்கு பார்த்தவர், ஜப்பான்காரர் காலத்தில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார். கல்யாணமாகி ஏழு மாதம். அவளுக்கு இருபது வயது.

போகியன்று அவர்கள் வீடுகளில் பார்ச்சு என்று ஒரு படையல் உண்டு. வீட்டில் இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலை போட்டுப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே காத்திருப்பார்கள். இறந்துபோனவர்கள் உள்ளே வந்து சாப்பிடுகிறார்கள் என்று பொருள். சாரதாம்பாள் பொன்னுதுரைக்கு ஒரு வருஷமும் இலை போட்டதில்லை. அவள் பேசும் மலாயை நான் இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன். ஆசிரியரைச் சிக்கு என்பது அவர்கள் வழக்கம்.

"உயிரோட இருக்கிற ஆளுக்கு யாராச்சும் இலை போடுவாங்களா, சிக்கு?"

போட மாட்டார்கள் என்றேன்.

சென்ற ஆண்டு பங்குனியில் சென்னையிலிருந்து ஒரு நாவல் வந்தது. தலைப்பை எழுதவில்லை. மூன்றாம் தட்டில் இருக்கிறது. பர்மாவுக்குப் போன கணவன் சண்டையில் காணாமல் போகிறான். மனைவி பத்து ஆண்டுகள் காத்திருக்கிறாள். கண்ணியமான ஒருவன் வந்து கட்டிக்கொள்கிறேன் என்கிறான். எண்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு தந்தி வருகிறது. அங்கே மூடிவிட்டேன்.

இதை நான் சொல்லிக்கொண்டு வந்தபோது சாரதாம்பாள் பலகாரப் பொட்டலத்தை அவிழ்க்கவே இல்லை. மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹபிஸ் மச்சம் மானா, சிக்கு?" என்றாள். முடிவு எப்படி என்று கேட்கிறாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கருணாகரன் என்னைக் கேட்டிருக்கார். நான் இன்னும் பதில் சொல்லல. அந்தப் பொம்பள என்ன செஞ்சா, சொல்லுங்க."

கருணாகரனை உங்களுக்குத் தெரியும். கிளேபாங் பஸ் ஓட்டுபவர். மனைவியை இழந்தவர். என் பரிந்துரைகளைப் பார்த்துச் சிரிக்கும் ஒரே உறுப்பினர், ஆகவே மன்றத்தில் விவரம் தெரிந்த ஒரே ஆள்.

"கட்டிக்கொண்டாள். கல்யாணமான மறுநாள் காலையில் முதல் கணவன் கப்பலிலிருந்து இறங்கினான்" என்றேன்.

குரல் மாறவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தரும் குரல்தான்.

"வாசல்ல வந்து நின்னானா?"

"நின்றான்."

"அவ என்ன சொன்னா?"

"ஒன்றும் சொல்லவில்லை. அவன் திரும்பிப் போய்விட்டான்."

அவள் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பலகாரம் நன்றாக இருந்தது.

நாலு நாள் கழித்துக் கருணாகரன் காக்கிச் சட்டையோடு மன்றத்துக்கு வந்தார்.

"என்னா வாத்தியாரே, என் கதைய முடிச்சிட்டீங்க போல."

"நான் ஒரு நாவலைச் சொன்னேன், அவ்வளவுதான்."

"புக்குல எவனோ கப்பல்ல வந்தா எனக்கென்னா? சயாமுக்குப் போனவன் முட்டி போட்டு நகந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் மலாக்கா வந்து சேந்திருப்பான். பதினாலு வருசம் லா. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ கேப்பா."

"இலக்கியத்தில் நான் தலையிடுவதில்லை."

"அந்தப் பொம்பள ஒத்தையா உக்காந்து சோறு திங்கிறா வாத்தியாரே. அது எந்த இலக்கியம்?" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். மேலும் ஆறு மாதம் காத்திருந்தார். பொறுமைசாலி.

தீபாவளிக்கு அந்த நாவலின் படம் இங்கே வந்தது. பத்து ஆண்டுகளில் முதல் முறையாக இந்தப் பலகையில், 'நாவலைச் சிதைத்த படம், யாரும் பார்க்க வேண்டாம்' என்று எழுதினேன். அதனால் கொட்டகை மூன்று வாரம் நிரம்பி வழிந்தது. என் செல்வாக்கு அவ்வளவு. சாரதாம்பாளும் போனாள். திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சிக்கு, அவன் வரவே இல்ல. தந்தியில செத்துட்டான்னுதான் இருந்திச்சாம், பக்கத்துச் சீட்டு அம்மா சொன்னாங்க. அவ பூ வச்சுக்கிட்டு அந்த ஆளுகூடப் போறா. கொட்டகையில எல்லாரும் அழறாங்க, சந்தோசத்துல."

அவளும் அழுதிருந்தாள். முப்பத்து நாலு வயதுப் பெண், புதுக் கெபாயா உடுத்தி, ஒரு தமிழ்ப்பள்ளி வாசலில் நின்று, ஒரு வாத்தியாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும். தலையை அசைத்திருந்தால்கூடப் போதும்.

"படக்காரர்கள் மாற்றிவிடுவார்கள், சாரதா. சனங்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டுமே. புத்தகத்தில் இருப்பதுதான் உண்மை" என்றேன்.

மன்றத்துக்கு அழைத்துவந்து நாவலை எடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து, ஒரு வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே மலாயில் வாசித்தேன்: கப்பல் வந்தது, அவன் இறங்கினான், வாசலில் நின்றான். அந்த வரியில் உண்மையில் என்ன அச்சாகியிருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அவள் அந்த வரியைத் தன் விரலாலும் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். "புக்குல இருந்தா சரிதான், சிக்கு" என்றாள்.

கார்த்திகையில் கருணாகரன் சிரம்பானைச் சேர்ந்த கமலவேணி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். சாரதாம்பாள் ஒரு தாம்பாளம் நிறையப் பலகாரம் செய்து அனுப்பினாள்.

பிறகு போகி வந்தது. சொந்தக்காரர்கள் இந்த வருஷமாவது பொன்னுதுரைக்கு இலை போடு என்று அவளை நெருக்கினார்கள். அவள் என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். மற்ற முன்னோர்களுக்கு மட்டும் இலை போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலில் நின்றோம். திறந்த பிறகு அவள் ஒவ்வொரு இலையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ஒரு கிண்ணத்தில் மூடி வைத்தாள். "வந்தா பசியோட வருவார்ல" என்றாள். மறுநாள் வரை யாரும் வராததால் அந்தக் கிண்ணத்தை எனக்குக் கொடுத்துவிட்டாள். சாப்பிட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் இந்த அறிவிப்பு.

1946இல் தெங்கேராவைச் சேர்ந்த சேதுபதி சயாமிலிருந்து திரும்பினார். திரும்பியது பெரும்பாலும் எலும்பு. நேரே என்னிடம் வந்தார்.

"பொன்னுதுரை போன ஆறே மாசத்துல பேதியில போயிட்டான் வாத்தியாரே. நாந்தான் மண்ணு தள்ளுனேன். அவன் பொஞ்சாதிகிட்ட நீங்க சொல்லிருங்க. எனக்கு மலாய்ல அழ வராது."

சரி என்றேன். அவர் என்னை நம்பினார். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். அதன்பின் மலாக்காவில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லவில்லை. பொன்னுதுரைக்குப் பதினாலு வருஷமாக இலை விழவில்லை.

அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல காரணம், எனக்கே பிடித்திருந்தது. உண்மை வேறு. அவள் காத்திருக்கும்வரை பொன்னுதுரை வழியில் வந்துகொண்டிருக்கிறார். வழியில் வந்துகொண்டிருக்கும் ஒருவரை யாரும் கொன்றிருக்க முடியாது. எனக்கு அவர் வழியிலேயே இருக்க வேண்டியிருந்தது.

ஏனென்றால், என் பரிந்துரைப் பணி இந்த மன்றத்தில் தொடங்கியது என்று தலைவர் அந்தச் சுதந்திரப் பேச்சில் சொன்னது தவறு. அது 1943இல் ஒரு கொட்டகைச் சுவரில் தொடங்கியது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஜப்பானிய அதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஞாயிறு, பகல் இரண்டு மணி, இலவசப் படம், ஆண்களுக்கு மட்டும். இவ்வளவுதான் எழுதச் சொன்னார்கள். வாக்கியம் மொட்டையாக இருந்ததால், 'மிக நல்ல படம், தவறவிடாதீர்கள்' என்பதை நானாகச் சேர்த்தேன். நீ வர வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வரும்போது, கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்ட ஏழு லாரிகள் நிற்பதைப் பார்த்தேன். ஒரு படப்பெட்டியை ஏற்றிவர ஏழு லாரிகள் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். சுவரில் எழுதியதை அழிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். நான் வீட்டை நோக்கி நடந்தேன்.

வழியில் பொன்னுதுரை எதிரே வந்தார். அவருக்கும் தமிழ் படிக்க வராது.

"சிக்கு, சுவத்துல என்னமோ எழுதியிருக்கே, என்ன அது?"

மலாயில் சொன்னேன்.

"நல்ல படமா? போகலாமா?"

"போகலாம். கடைசிப் பத்து நிமிஷம் பிரமாதமாக இருக்கும்" என்றேன்.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அவர் வேகமாக வீட்டுக்குப் போனார்.

உறுப்பினர்களே, சாரதாம்பாள் தினமும் இந்தப் பலகையைக் கடந்துதான் கடைக்குப் போகிறாள். அவளுக்கு இந்த எழுத்து தெரியாது என்ற துணிச்சலில்தான் இதைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மலாய் நன்றாகப் பேசுகிற யாராவது அவளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். முடிவை மாற்றாமல் வாசியுங்கள்.

அன்று கொட்டகையில் படம் எதுவும் போடவில்லை.