முன்சக்கரத்துக்குப் போகும் குழாய்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயிண்டைப் பார்ப்பார்கள். நான் வண்டி நின்ற தரையைப் பார்ப்பேன். சொந்தக்காரர் வாய்விட்டுச் சொல்லாததை ஒரு சொட்டு எண்ணெய் சொல்லிவிடும். இருபத்தாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு, சார். யாரோ வாங்கப்போகும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குறை சொல்வது. எனக்கு 'டார்ச்' என்று பட்டப்பெயர். வெளிச்சம் காட்டுகிறவன் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டேன். எதிலும் ஓட்டை தேடுகிறவன் என்று அர்த்தமாம். என் மனைவிதான் சொன்னாள்.

நான் ஓட்டுவது ஒரு சாம்பல் நிறச் சின்னக் கார். வேகம் நாற்பதைத் தாண்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது; எனக்குத்தான் வியர்க்கும்.

என் மனைவியின் தம்பி வேறு ரகம். பல் டாக்டர். நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஜோக் சொல்வான். பாவம், அவர்களால் சிரிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அவன் வீடு மேட்டில், கிளினிக் கீழே. இருபத்தைந்து வருடப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்துவைத்துவிட்டு என்னைக் கூட்டிப்போனான்.

"மாமா, நீங்க சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன். இல்லேன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

முறைப்படிதான் பார்த்தேன். இஞ்சின் ஆறியிருக்கிறதா என்று கைவைத்துப் பார்த்த பிறகே கிளப்பச் சொன்னேன். புகையில் நீலம் இல்லை. கிளட்ச் வழுக்கவில்லை. கதவு இடுக்குகள் ஒரே அளவில் இருந்தன. அடிபட்ட வண்டி இல்லை. கடைசியாகத் தூக்கி நிறுத்தி அடியில் போனேன். முன்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய், ஒரு கிளிப்புக்குப் பின்னால் துருவேறி, வியர்த்ததுபோல ஈரமாக இருந்தது. விரல் பட்டதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. மாற்ற அரை நாள் ஆகும்.

அப்போது அவன் வண்டிக்காரரிடம் சொல்வது கேட்டது. "எங்க மாமாவ ஏமாத்த முடியாதுங்க. எங்க அக்காவையே அடியில துரு இருக்கான்னு பாத்துட்டுத்தான் கட்டியிருப்பாரு."

பழைய ஜோக். நாலு பேர் கூடினால் வந்துவிடும். எல்லாரும் ஓய்ந்த பிறகும் என் மனைவி சிரித்துக்கொண்டிருப்பாள். நானும் சிரிப்பேன். உம்மென்று இருந்தால் அதற்கென்று இன்னொன்று சொல்வான்.

பழந்துணியால் ஈரத்தைத் துடைத்தேன். உதிர்ந்த இடத்தில் கிரீஸ் தடவினேன். வெளியே வந்தேன்.

"மொதல்ல நீங்க ஓட்டுங்க மாமா" என்று சாவியை நீட்டினான். சமதரையிலேயே ஓட்டினேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக என் முடி காற்றில் பறந்தது. பறப்பதற்கு நாலே முடிதான் மிச்சம் என்பது வேறு விஷயம். பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினான். அதில் கேலி இல்லை, சார். நான் சந்தோஷப்பட்டதில் அவனுக்கு சந்தோஷம்.

"எடுத்துக்கோ. தங்கமான வண்டி" என்றேன்.

ஒரு சின்ன பயம் வரட்டும் என்றுதான் நினைத்தேன். பயந்துபோய் என்னிடம் வருவான், சரிசெய்து கொடுப்பேன், அதோடு ஜோக்கும் நின்றுவிடும். நினைத்தபடியே மூன்றாவது வாரம் வந்தான்.

"மாமா, பிரேக் கொஞ்சம் உள்ள போற மாதிரி இருக்கே."

"பழைய வண்டின்னா அப்படித்தான். கால் பழகிடும்."

சொல்லிவிட்டு, குறைந்திருந்த பிரேக் ஆயிலை நானே நிரப்பினேன். அடுத்த வாரமும் வந்தான், அப்போதும் நிரப்பினேன். இரண்டு தடவையும் நன்றி சொன்னான். அவன் பயப்படவே இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்புகிறவனை எப்படித்தான் பயமுறுத்துவது?

செவ்வாய்க்கிழமை காலை, கிளினிக்குக்கு இறங்கும் வளைவில் குழாய் வெடித்தது. பின்சக்கர பிரேக் மட்டும் அந்த இறக்கத்துக்குப் போதாது. அது எனக்கு முதல் நாளே தெரியும்.

சாவு வீட்டில் என் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். "வண்டியில குறை இருந்திருக்காது. நீங்க பாத்துக் குடுத்ததாச்சே. அவன்தான் வேகமா போயிருப்பான்."

"ஆமா, வேகம்தான்" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மனசாட்சி உறுத்தி வந்தான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஸ்டேஷனுக்கு வரும் வழியில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பதினோரு நாள் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். நேற்றுதான் உங்கள் நிபுணரின் அறிக்கை வீட்டுக்கு வந்தது. துருவேறிய குழாயை, வண்டியைச் சோதித்தவர் கவனிக்கத் தவறியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். என் மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "பரவாயில்லங்க, வயசாகுதில்ல" என்றாள்.

எனக்கு வயதாகவில்லை, சார். இருபத்தாறு வருடத்தில் ஒரு குழாயைக்கூட நான் கவனிக்காமல் விட்டதில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, பார்த்தான் என்று எழுதுங்கள். அது போதும்.