ராஜா கோட்டின் முதுகுத் தையல்

பாண்டிய ராஜா என்ன உடுத்தினான் என்பது இன்றைய தேதியில் உயிரோடு இருப்பவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றார்கள். அதனால்தான் வந்தேன். உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த இன்ஸ்பெக்டர் நான் சொன்னதில் பாதியைக் கேட்டுவிட்டு, "தம்பி, வெயில்ல வந்திருக்கீக, மோரைக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். மோர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் மோருக்காக வரவில்லை.

ஆற்றங்கரை மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பருத்தி மண்டி சங்கரலிங்கத்துக்குப் பீடம் கட்டியிருக்கிறார்கள். பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் பொங்கல் வைக்கிறார்கள். ஆத்தா தீயாக வந்து அவரை எடுத்துக்கொண்டாள் என்று கம்பம் வரைக்கும் பேச்சு. ஆத்தாவுக்கு இதில் சம்பந்தமே இல்லை. அது என் தையல். ஒருவன் செய்த வேலைக்கு இன்னொருவர் பேர் வாங்கிக்கொண்டு போனால் எந்தத் தொழில்காரனும் சும்மா இருக்க மாட்டான்.

என் பெயர் செல்வமணி. தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுந்தர்ராஜ் என் தகப்பனார். மதுரையில் பி.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். பிரின்ஸிபால் துரையின் தொப்பியைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி விடுதிச் சுவரில் ஒட்டினேன். தொப்பிக்குள் எதுவும் இல்லை என்பது கட்டுரையின் முடிவு. துரை அதைப் படித்துவிட்டு, ஒரு வருஷம் ஊரில் போய் ஓய்வெடுக்கும்படி சொன்னார். ஓய்வு எனக்கு ஒத்துக்கொள்ளாது. கடையின் பின்கட்டில் அம்மாவின் தையல் மிஷின் இருந்தது. சின்ன வயதிலேயே கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மூன்று ராஜாக்களுக்கும் அங்கி தைத்துப் பழகிய கை. உட்கார்ந்துவிட்டேன்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய மறு வருஷம் அது. சந்தைத் திடலில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டு, ஒரு பாண்டிய ராஜா படத்தை ஓட்டினார்கள். ராஜா சிம்மாசனத்தில் உட்காரும் கட்டத்தில் தரை டிக்கெட்டில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். குச்சனூரிலிருந்து வண்டி கட்டி வந்த ஒருவர் திரையைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கூட்டம் ஒன்றைச் செய்தால் தாங்களும் செய்கிற ஜனங்களை நான் அங்கேதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அது எப்போதுமே புரிந்ததில்லை.

பிறகு எல்லோருக்கும் அந்த ராஜாவின் கோட்டு வேண்டியிருந்தது. கல்யாண மாப்பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள். மொட்டை போடுகிற குழந்தைக்குக்கூடக் கேட்டார்கள். நானும் தைத்தேன்.

ஒரே ஒரு சிக்கல். படம் கறுப்பு வெள்ளை. கோட்டு என்ன நிறம் என்று யாருக்கும் தெரிய வழியில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பஜாரில் பாதிப் பேர் சிவப்பு, பாதிப் பேர் பச்சை. வடுகபட்டிப் பூண்டு வியாபாரி ஒருவர், "நான் பெஞ்சு டிக்கெட் எடுத்துப் பார்த்தவன்யா, பச்சைதான்" என்று சத்தியம் செய்தார். கடைசியில் பஞ்சாயத்து, கொட்டகை ஆபரேட்டர் ராக்கையாவிடம் போயிற்று. "கறுப்பு. பெட்டிக்குள்ள அப்படித்தான் இருக்கு" என்றார் அவர். அவரை யாரும் நம்பவில்லை.

சங்கரலிங்கம் சிவப்புக் கட்சி. அவர் கருத்தம்மாளுக்கு ஒரே பிள்ளை. முந்தின வருஷம் அம்மை கண்டு, வேப்பிலைப் படுக்கையில் பேச்சில்லாமல் கிடந்தார். பிழைத்தால் சித்திரைத் திருவிழாவில் வேஷம் கட்டித் தீச்சட்டி எடுக்க வைக்கிறேன் என்று கருத்தம்மாள் நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் புலி வேஷம் கட்டுவார்கள், கரடி கட்டுவார்கள், உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டும் போவார்கள். ஆத்தாவுக்கு வேஷத்தில் பேதமில்லை. சங்கரலிங்கத்துக்கு இருந்தது. கடைக்கு வந்தார்.

"ஏலே செல்வமணி, அந்த ராசா கோட்டு எனக்கு வேணும். அச்சு அசலா இருக்கணும்."

"என்ன நிறம், அண்ணே?"

"இதென்னப்பா கேள்வி. செவப்பு. நான்தான் கண்ணால பார்த்தேன்ல."

படத்தில் ராஜாவின் இடது கை மடிப்பில் ஓர் ஊக்கு தெரியும். கிழிசலை மறைக்க யாரோ அவசரத்தில் குத்தியது. அதுவும் வேண்டும் என்றார். "ராசா ஒண்ணுமில்லாமலா குத்தியிருப்பாரு?"

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன், சார். மதுரையில் மண்டபம் மண்டபமாக நின்று சிலைகளைப் பார்த்து வரைந்து வைத்திருந்த படங்களை அவர் முன்னால் விரித்தேன். பாண்டியன் கோட்டுப் போட்டவனே அல்ல. இடுப்பில் பட்டு. மேலே ஆரமும் சந்தனமும். தைத்த துணி அவன் உடம்பில் பட்டதே இல்லை. அப்படி ஒரு வேஷம் கட்டினால் இந்த ஜில்லாவிலேயே சரித்திரப்படி நடந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றேன். அதுவரை அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை.

சங்கரலிங்கம் ஒவ்வொரு படமாகத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப தையலு எங்கன?"

"தையலே கிடையாது, அண்ணே."

"தையலே இல்லாததுக்கு ஒனக்கு எதுக்குலே கூலி?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர்க்கடைக்காரரும் எழுந்து வந்து என்னவென்று கேட்டுச் சிரித்தார். சங்கரலிங்கம் நல்ல மனுஷர்தான். ஆனால் சிரிக்க ஆள் கிடைத்துவிட்டால் நிறுத்த மாட்டார். "துண்டைக் கட்டிக்கிட்டுப் போய் நின்னா ஆத்தா என்ன நெனைப்பா? ஆத்துக்குக் குளிக்கப் போறான்னுல்ல நெனைப்பா. ஏப்பா, இவன் சொல்றது பாண்டிய ராசா இல்ல. கோமண ராசா."

அந்தப் பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது. பஜாரில் நடந்தால், "கோமண ராசா வாராக, வழி விடுங்கப்பா" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் என்னைப் பார்த்ததும் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். வீட்டில் என் அக்கா சுகிர்தம், "கோமண ராசாவுக்கு இன்னொரு தோசை வைக்கட்டா?" என்று கேட்டாள்.

இதற்காகத்தான் செய்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. ஒரு பட்டப்பெயருக்காக ஒருவரை ஏதாவது செய்பவன் மூடன். நான் சரித்திர மாணவன். என் சண்டை அந்தக் கோட்டோடுதான்.

தைக்க ஒப்புக்கொண்டேன். சிவப்பு வெல்வெட் கிடைத்தது. ஜரிகை கிடைக்கவில்லை. "படத்துல தகதகன்னு மின்னுச்சுல்ல, அப்படி மின்னணும்" என்று சங்கரலிங்கம் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். மின்னுகிற பொருள் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். மின்னியது படம்தானே. ராக்கையாவிடம் போனேன்.

ஆபரேட்டர் அறையில் அறுந்துபோன பிலிம் துண்டுகள் ஒரு கூடை கிடந்தன. ராக்கையா என் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, தீப்பெட்டி இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே விட்டார்.

"தம்பி, இது பிலிமுன்னு நெனைக்காதீக. வெடிமருந்து. இங்கன பாருங்க."

வெளியே கூட்டிப் போய், ஒரு துண்டைக் கொளுத்தி, தண்ணீர் இருந்த டம்ளருக்குள் போட்டார். அது தண்ணீருக்குள்ளேயே கொப்புளித்துக்கொண்டு எரிந்தது. கடைசி வரைக்கும் எரிந்தது.

"எதுக்குக் கேக்குறீக?"

"அலங்காரத்துக்கு."

"கல்யாண வீடா? வெளக்குப் பக்கம் மட்டும் அண்ட விடாதீக."

சரி என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வேலை சுலபம். வெந்நீரில் சோடா உப்பைப் போட்டு ஊறவைத்தால் பிலிமில் உள்ள படம் கழன்றுவிடும். ராஜா, மந்திரி, குதிரை எல்லோரும் கறுப்புச் சகதியாக அடியில் தங்கிவிட, கையில் கண்ணாடி போன்ற பட்டை மிஞ்சும். அதில் மஞ்சள் சாயம் ஏற்றி, ஒட்ட நறுக்கி, மார்பிலும் கழுத்துப் பட்டையிலும் கை விளிம்பிலும் அடுக்கடுக்காகத் தைத்தேன். வெயிலில் பிடித்தால் அசல் ஜரிகை வெட்கப்படும். மற்றவர்கள் கேட்ட கோட்டுகளுக்கு நான் ஜிகினாக் காகிதம்தான் வைத்தேன். பிலிம் வைத்தது இது ஒன்றில்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. படத்தில் ராஜாவின் கோட்டில் பித்தான் தெரியாது. "எனக்கும் தெரியக் கூடாது" என்றார் சங்கரலிங்கம். ஆகவே முன்பக்கத்தை மூடி, முதுகைத் திறந்து வெட்டினேன். திருவிழா அன்று காலை அவர் வீட்டுக்குப் போய், கைகளை நுழைக்கச் சொல்லி, முதுகில் வைத்தே மூடித் தைத்தேன். இரட்டை நூல். நெருக்குத் தையல். தைத்து முடிக்கும்வரை அவர் அசையாமல் நின்றார். "கூசுதுலே" என்று ஒரு தடவை சொன்னார். கருத்தம்மாள் பானகம் கொண்டுவந்து கொடுத்தாள். "எம்புள்ளைய ராசாவாவே ஆக்கிட்டீக தம்பி" என்று என் கன்னத்தைத் தடவினாள். பானகம் நன்றாக இருந்தது.

என் எண்ணம் இதுதான், சார். தீச்சட்டியிலிருந்து ஒரு பொறி தெறிக்கும். கோட்டில் தீப் பற்றும். சங்கரலிங்கம் அதைக் கழற்றி எறிவார். எறிந்துவிட்டு ஊர் முன்னால் வெற்று மார்போடு, சந்தனமும் மாலையுமாக நிற்பார். அதாவது பாண்டியனாக நிற்பார். நான் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அது. கட்டுரைக்கு ஆள் சாக வேண்டிய அவசியமே இல்லை.

முதுகில் தைத்த கோட்டை ஒருவர் எப்படிக் கழற்றி எறிவார் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் அதைக் கேட்கும் அளவுக்கு வரவே இல்லை, மோர் வந்துவிட்டது. வாடிக்கைக்காரர் கேட்டபடி தைப்பது தொழில்.

ஆற்றங்கரையில் சட்டி வாங்கி, உறுமி முன்னே போக, சங்கரலிங்கம் நடந்தார். இரண்டு கையிலும் வேப்பிலை, அதன் மேல் சட்டி, மார்புக்கு நேரே. வெயிலில் அந்தக் கோட்டு மின்னியதைப் பார்த்தால் உங்களுக்கும் வாய் திறந்திருக்கும். "பச்சைதான்னு நெனைச்சேன், செவப்புதாண்டா" என்று பூண்டு வியாபாரி என் பக்கத்தில் நின்று ஒப்புக்கொண்டார்.

கோயிலுக்கு முன்னால் வந்தபோது பற்றியது. கை விளிம்பில் ஆரம்பித்து, ஒரு மூச்சு விடுவதற்குள் கழுத்து வரை போயிற்று. அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சட்டியைக் கீழே போடவில்லை. போட்டால் நேர்ச்சை முறிந்துவிடும். ஆத்தா கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்பாள் என்று பயம். எரிகிற ஆள் நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டே நின்றார்.

ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குலவை போட்டார்கள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று காலில் விழுந்தார்கள். ஒருத்தி மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். அணையவில்லை. அணையாததைக் கண்டு குலவை இன்னும் கூடியது. ராக்கையாவின் டம்ளரைப் பார்த்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

அப்போது சங்கரலிங்கம் கத்தினார்.

"பிரிங்க. பிரிச்சு விடுங்க. பிரிங்க."

கோயிலில் குறி சொல்லும் கோடாங்கி ஒச்சாண்டி கையை உயர்த்தி உறுமியை நிறுத்தினார். "ஆத்தா வாக்கு வந்துருச்சு. பிரிக்கச் சொல்றா."

"எதைப் பிரிக்க?" என்று ஒருவர் கேட்டார்.

அந்த வருஷம் கோயில் வாசலில் புதிதாக ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆத்தா ஆற்றைப் பார்க்க முடியாமல் மறைக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. "பந்தலைத்தாம்ப்பா" என்று பத்துக் குரல் வந்தது. மொத்தக் கூட்டமும் பந்தலுக்கு ஓடியது. கருத்தம்மாளும் ஓடினாள். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, எட்டி எட்டி ஓலையை இழுத்தாள். ஆத்தா தன் பிள்ளை வாயால் பேசிவிட்டாள் அல்லவா. இப்படிப்பட்ட ஜனங்களுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

போட்ட தையலை எடுப்பதற்கும் பிரிப்பது என்றுதான் பெயர், சார். சங்கரலிங்கம் சொன்னது அது. அந்தத் திடலில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் போன பிறகு மெல்ல என் பக்கம் திரும்பி முதுகைக் காட்டினார். "செல்வமணி" என்று கூப்பிட்டார். கோமண ராசா என்று இல்லை, முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிட்டார்.

தையல்காரன் கத்தரிக்கோல் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. எடுத்துக்கொண்டு நானும் பந்தலுக்கு ஓடினேன். வடக்கு மூலைக் கயிறு நனைந்து இறுகிக் கிடந்தது. யாராலும் அவிழ்க்க முடியவில்லை. நான்தான் வெட்டிக் கொடுத்தேன்.