இடது பக்கம் சலோங்கோ, வலது பக்கம் நலோங்கோ

— மூச்சை அடக்குங்க, சலோங்கோ. நீங்க விடுற பெருமூச்சுல தூசியெல்லாம் பறந்து வந்து வண்டியில உக்காருது.

— ஏன் நலோங்கோ, இப்பவே பயமா? இடது பக்கம் நான், வலது பக்கம் நீ. யாரு ஒட்டுன ஸ்டிக்கர்ல குமிழி கம்மியோ, அவங்கதான் நாளைக்கு வண்டியில ஏறணும். அவங்க நம்பர்தான் முன்னாடி ஒட்டணும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது.

— பேச்சு மாறுறது உங்க வம்சத்துப் பழக்கம். நான் மாற மாட்டேன். ரெட்டையைப் பெத்து நீங்க சலோங்கோ, நான் நலோங்கோன்னு பட்டம் வாங்குனதுலருந்து, ரெண்டு வருஷமா ரெண்டு பிள்ளைக்கும் பால் குடுத்துக்கிட்டு, வேலிக்கு வெளியில நின்னு கைதட்டுனவ நான். இந்த வருஷத்துக் கடைசிப் பந்தயம் இது. இதையும் விட்டேன்னா, 'ரெட்டையைப் பெத்ததோட அவ ஆட்டம் முடிஞ்சுது'ன்னு ஏரிக்கரை பூரா பேசுவானுங்க.

— வண்டி ஒண்ணு, ஆளு ரெண்டு. ஒரு வண்டிக்கு ஒரு பேருதான் எழுதுவேன்னு அந்த கிளப்காரன் நிக்கிறான். அதுவும் மதியம் ரெண்டு மணிக்குள்ள சொல்லணுமாம். நான் என்ன பண்ணட்டும்? நானும் இந்த வருஷம் அஞ்சு பந்தயம் ஓட்டியிருக்கேன்ல?

— ஓட்டுனீங்க. ஒம்பதாவது, பதினொண்ணாவது, ஒம்பதாவது, அப்புறம் வைக்கோல் கட்டுக்குள்ள, அப்புறம் திரும்பவும் ஒம்பதாவது.

— அந்த வைக்கோல் கட்டு நகர்ந்துச்சு. பாத்த சாட்சி இருக்கு.

— ஆமா, அதுக்குக் கால் முளைச்சுது, நீங்க வர்றதைப் பாத்து குறுக்க ஓடிவந்துச்சு. தியோபிஸ்தாக்கா! அக்கா! வேலியோரமா வாங்க, போட்டி ஆரம்பிச்சாச்சு.

— வர்றேன், வர்றேன். பள்ளிக்கூடத்துப் பாவாடை பதினேழு வெட்டாம கெடக்கு, என்னைய மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுறதைப் பாக்கக் கூப்பிடுறீங்க. என் தையல் மிஷின் மேல சத்தியமா சொல்றேன், இப்படி ஒரு புருஷன் பொண்டாட்டியை இந்த என்டெபே ரோட்டுல நான் பாத்ததில்ல.

— நடுவர்னா அது நீங்கதான்க்கா. மடிப்பு கோணலா இருந்தா ரோட்டுல போறவனை நிறுத்திச் சொல்ற ஆளு.

— சொல்லத்தான் செய்வேன். போன ஞாயித்துக்கிழமை ஃபாதரோட அங்கிக்கே சொன்னேன். பூசை முடியட்டும்னு மட்டும் காத்திருந்தேன்.

— தியோபிஸ்தாக்கா, நடுவர் பொம்பளைங்க பக்கம் சாயக்கூடாது. சொல்லிட்டேன்.

— சலோங்கோ, குமிழிக்கு ஆம்பள பொம்பள தெரியாது. எனக்கும் தெரியாது. எங்க, ஸ்டிக்கரைக் காட்டுங்க. அடேயப்பா, என்ன தடிமன்! சூட்கேஸுக்கு உறை தைக்கலாம் போலிருக்கே.

— வண்டி விழுந்து மண்ணுல உருண்டாலும் கிழியக்கூடாதுல்ல? அதான். ஆனா தடியா இருக்கறதால விறைப்பா நிக்குது, வளைவுல படுக்க மாட்டேங்குது. சூடு காட்டணும். சலூன்ல கெஞ்சி முடி காயவைக்கிற மிஷினை வாங்கிட்டு வந்தேன். வந்து பிளக்கைச் சொருகுறேன், கரண்டு போயிடுச்சு.

— கரண்டு எதுக்கு சலோங்கோ? மேல தகரக் கூரை இருக்கு, அதுக்கு மேல வெயில் இருக்கு. நான் என்னோடதை அப்பவே கூரையில போட்டுட்டேன். இப்பத் தொட்டுப் பாருங்க, வாட்டுன வாழை இலை மாதிரி இருக்கு.

— அடிப்பாவி! கோழி ஏறி மிதிச்சா?

— அதுக்குத்தான் நாலு மூலையிலும் கல்லு வெச்சிருக்கேன். உங்களோடதையும் குடுங்க, சேத்துப் போடுறேன், பதறாதீங்க. ஸ்டிக்கர் சூடாகாம தோத்தேன்னு நாளைக்கு ஒரு கதை வேணாம்.

— ஏய் நலோங்கோ, அது என்ன கையில? வராகி சாராய பாட்டிலா? பட்டப்பகல்லயேவா?

— குடிக்க இல்லக்கா, தொடைக்க. எண்ணெய்ப் பிசுக்கு மேல எந்தப் பசையும் நிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, காயவெச்சு, கடைசியா சாராயத்துல ஒரு தொடை. துணி வெள்ளையா வர்ற வரைக்கும் தொடைக்கணும். இந்தாங்க சலோங்கோ, உங்களுக்கும் ஊத்தட்டுமா?

— எனக்கு வேணாம். நான் நேத்து ராத்திரியே என் வேலையை முடிச்சுட்டேன். பாரு, முகம் பாக்கலாம், அப்படிப் பளபளக்குது.

— பளபளக்குது, பளபளக்குது. சரி, உங்க இஷ்டம்.

— இதைக் கேக்கணும்னே இருந்தேன், நலோங்கோ. இவ்வளவு பாடு எதுக்கு? 'நாளைக்கு நான் ஓட்டுறேன்'னு ஒரு வார்த்தை கேட்டா சலோங்கோ விட்டுக்குடுக்க மாட்டாரா?

— குடுப்பாரு. அதான் கேக்கல. அக்கா, உங்க கால்கிட்ட கோழி தண்ணி குடிக்குதே, அது என்ன பாத்திரம் தெரியுமா?

— ஏதோ பித்தளைக் கிண்ணம்.

— கோப்பை. ரெண்டாம் பரிசு. வயித்துல பிள்ளைங்க ரெண்டும் மூணு மாசமா இருந்தப்போ கடைசியா ஓட்டுன பந்தயம். கடைசி வளைவுல எனக்கு முன்னாடி போன அஞ்சு பேர்ல, முதல் ஆளைத் தவிர மத்த நாலு பேரும் ஒரே நேரத்துல வேகத்தைக் குறைச்சானுங்க. 'பிள்ளைத்தாச்சி, முன்னாடி போகட்டும்'னு. கூட்டம் பூரா எழுந்து நின்னு கைதட்டுது. எனக்கு எரிஞ்ச எரிச்சல்ல ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். ஜெயிச்சது கிடைச்சா தலைமாட்டுல வெப்பேன். பிச்சை போட்டா கோழிக்குத்தான்.

— கேட்டுக்கிட்டீங்களா சலோங்கோ?

— ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன். அந்தக் கோழிக்கே மனப்பாடம்.

— சரி, ஆரம்பிக்கிறேன். அக்கா, பாருங்க. சோப்புத் தண்ணி தெளிக்கணும், அப்பத்தான் கோணலா வெச்சாலும் நகர்த்தலாம். பின்னாடி பேப்பரை முழுசா உரிக்கக்கூடாது, நாலு விரல் அகலம்தான். நடுவுல படுக்கவெச்சு, இந்தப் பழைய ஏடிஎம் கார்டால ஓரத்தைப் பாத்துத் தள்ளணும். காத்துக்கு வெளியில போக வழி விடணும்.

— இது சட்டைக் காலருக்குள்ள கேன்வாஸ் வெச்சுத் தேய்க்கிற மாதிரிதான் இருக்கு. நடுவுலருந்து தேய்க்காதவன் காலர் நாலாவது துவையல்ல கொப்புளம் கட்டிரும். நல்ல கைடி உனக்கு. துணி வெட்டக் கூப்பிடலாம் உன்னைய.

— பாவாடை தைக்கிறவளுக்கு யாரு கோப்பை குடுப்பா?

— குடுக்க மாட்டானுங்க, கூலியும் ஒழுங்கா குடுக்க மாட்டானுங்க. சலோங்கோ, என்ன நீங்க ஒரேயடியா முழுப் பேப்பரையும் உரிச்சுட்டீங்க?

— நான் ஆம்பளக்கா. எனக்குத் தவணையில உரிக்க வராது. இப்பப் பாருங்க, ஒரே அமுக்கு. வெச்சேன் பாருங்க! எடுத்தா என்னைய என்னன்னு கேளுங்க.

— நான் எடுக்கவே வேணாம் போலிருக்கே. அதுவா எழுந்திரிச்சு வருது.

— எங்க?

— கீழ் ஓரம். இதோ, இப்ப மேல் ஓரம். ஐயோ, நடுவுல பாருங்க, மண்டாசி மாவு எண்ணெயில உப்புற மாதிரி உப்புது. கொஞ்சம் நகருங்க, மூக்கைக் கிட்டக் கொண்டுபோறேன். ஏசுவே! சலோங்கோ, இது என்ன வாடை?

— என்ன வாடை?

— மண்ணெண்ணெய்! வண்டியை மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சீங்களா?

— நேத்து ராத்திரிதான், லேசா. இங்க ஸ்டேஜ்ல சவாரிக்கு நிக்கிற போடா-போடா பைக்காரப் பயலுங்க எல்லாரும் அதைத்தானே பூசுறானுங்க? வண்டி புதுப் பொண்ணு மாதிரி மின்னும்.

— மின்னும் சலோங்கோ, மின்னும். ஆனா அவனுங்க அது மேல ஸ்டிக்கர் ஒட்டுறதில்ல! சிரிக்காதடி நலோங்கோ, உன் கை ஆடுது.

— சிரிக்காம என்னக்கா பண்ணுறது? பதினாலு வருஷமா வண்டி பழுது பாக்குற மனுஷன். ஊரு வண்டிக்கெல்லாம் வைத்தியம் சொல்ற வாயி. சொந்த வண்டிக்கு மண்ணெண்ணெய் தடவிட்டு, அது மேல பசையை ஒட்டி நிக்கிறாரு. சரி, என்னோடது முடிஞ்சுது. வாங்க, எண்ணுங்க.

— இரு, கண்ணாடியைப் போடுறேன். ம்... வளைவு சுத்தம். ஓரம் சுத்தம். இங்க ஒண்ணு இருக்கு, கடுகு அளவு. ஊசியால குத்தி அமுக்கவா?

— குத்தாதீங்க. அது என் குமிழி. ஒண்ணுன்னு எழுதிக்கோங்க.

— வலது பக்கம் ஒண்ணு. இடது பக்கம்... சலோங்கோ, எண்ணணுமா?

— எண்ணுங்க. நடுவர்னா எண்ணித்தான் ஆகணும்.

— இருபத்திமூணு. நான் எண்ணுறதுக்குள்ள இன்னொண்ணு வந்துச்சு, இருபத்திநாலு. நலோங்கோ ஜெயிச்சா. என் மிஷின் மேல சத்தியமா, இவ்வளவு சுலபமான தீர்ப்பை நான் சொன்னதேயில்ல.

— தோத்தேன். ஒத்துக்கிட்டேன். நாளைக்கு நீதான் ஓட்டுற, நலோங்கோ. நான் கிளப்காரனுக்குப் போன் பண்ணி உன் பேரைச் சொல்லிடுறேன்.

— பொறுங்க. என்ன இது, இவ்வளவு சீக்கிரம்? வைக்கோல் கட்டு நகர்ந்துச்சுன்னு ஆறு மாசம் வாதாடுன மனுஷன். இன்னைக்கு மண்ணெண்ணெய் மேல ஒரு பழியும் போடாம தோத்தேங்கறீங்க?

— தோத்தா தோத்ததுதான்.

— நான் தொடைச்ச துணியை மோந்து பாருங்க அக்கா. மண்ணெண்ணெய் வாடை இருக்கா?

— இல்லையே. சாராய வாடைதான் வருது.

— சோப்புத் துணி?

— அதுலயும் இல்ல. அட, அப்போ வலது பக்கத்துல அவரு பூசவே இல்லையா?

— சலோங்கோ, இருட்டுல வண்டியைத் தொடைச்ச மனுஷன் பாதி வண்டியை மட்டும் ஏன் தொடைச்சீங்க?

— மண்ணெண்ணெய் தீந்து போச்சு.

— அடுப்படியில முக்கால் பாட்டில் இருக்கு. சரி, அதை விடுங்க. நம்பர் ஸ்டிக்கரை எடுத்துட்டு வாங்க. ரெண்டையும். உங்க எண்பத்தெட்டு, என்னோட பதினாலு.

— பதினாலு இந்தா இருக்கு. அதைத்தானே ஒட்டப் போறோம்?

— எண்பத்தெட்டு எங்க?

— இப்ப அது எதுக்கு?

— எங்க சலோங்கோ?

— அச்சடிக்கச் சொல்லவே இல்ல, போதுமா? பதினாலு மட்டும்தான் அடிக்கச் சொன்னேன். நான் ஒம்பதாவதா வர்ற ஆளு, நலோங்கோ. எனக்கு அது தெரியும். நீ அந்த மேட்டுல ஏறி இறங்குறதைப் பாத்துத்தான் நான் உன்னையக் கட்டுனேன். ரெண்டு வருஷமா நீ வேலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாக்க எனக்கு நெஞ்சு வலிக்குது. குடுத்தா நீ வாங்க மாட்ட. கோழிக்குப் போட்டுடுவ. வேற என்ன பண்ணச் சொல்ற?

— ஏசு சாமி. எனக்குக் கண்ணு கலங்குது. பாவாடை கெடக்கட்டும், நான் இங்கேயே உக்காந்துக்கறேன்.

— எனக்கும்தான்க்கா கலங்குது, ஆனா இப்ப அழ நேரமில்ல. சலோங்கோ, அந்த நாஸர் ரோட்டு அச்சுக்காரன் புதன்கிழமை உங்களுக்குப் போன் பண்ணான். நீங்க குளிச்சுக்கிட்டு இருந்தீங்க, நான்தான் எடுத்தேன். 'பதினாலு மட்டும் போதுமா'ன்னு கேட்டான்.

— அப்போ... உனக்கு மூணு நாளா தெரியுமா?

— நம்பர் தெரியும். சரி, போட்டியையாவது நெஜமா போடுவீங்கன்னு நினைச்சேன். இந்த மண்ணெண்ணெய் வேலை எனக்குத் தெரியாது.

— தெரிஞ்சும் வெயில்ல நின்னு ஒட்டுனியே, ஏன்டி?

— போங்க, கட்டிலுக்கு அடியில பாருங்க. அந்த அச்சுக்காரன்கிட்டயே நான் அடிச்சு வாங்குன உங்க எண்பத்தெட்டு இருக்கு, ஒட்டும்போது நீங்க எப்படியும் கிழிப்பீங்கன்னு இன்னொரு இடது பக்கத்து ஸ்டிக்கரும் இருக்கு. ஒரு பிள்ளைக்கு வாங்குனா இன்னொண்ணுக்கும் வாங்கணும், ரெட்டை இருக்குற வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் எதுவும் அச்சடிக்கக்கூடாதுன்னு உங்க அம்மா சொல்லலையா? வராகி இந்தா, ரெண்டு மணிக்கு இன்னும் நேரமிருக்கு. நல்லாத் தொடைச்சுட்டு, என்னைய நெஜமா ஜெயிக்கப் பாருங்க.